நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள்: போர் தண்ணீருக்கு எந்த ஃபில்டர்தான் வாங்குவது?

குழாயடி எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான், கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். பம்ப் போட்டால் நேராக மேல் தொட்டிக்கு ஏறும், அங்கிருந்து சமையலறை, குளியலறை எல்லாவற்றுக்கும் இறங்கும். குழாயில் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் வருகிறது. அதையே ராத்திரி ஒரு வெள்ளை வாளியில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் காவி கரைத்துவிட்ட மாதிரி ஒரு படலம். கெட்டிலுக்குள் வெள்ளை ஏடு, கரண்டிக் காம்பால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. சோப்பு போட்டால் நுரை வருவதற்குள் பொறுமை போய்விடும். போன மாதம் வீட்டில் மூன்று பேருக்கு அடுத்தடுத்து வயிறு கெட்டது. தண்ணீர்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் சந்தேகம் அதன்மேல்தான். எட்டு மாதக் குழந்தை வேறு இருக்கிறது.

சரி, ஃபில்டர் வாங்கலாம் என்று விசாரித்தால் வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதலில் வந்தவர் ஒரு கிளாஸில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொரு கிளாஸில் அவருடைய ஆர்.ஓ. (சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்) தண்ணீர், இரண்டிலும் கம்பி மாட்டிய ஒரு கருவியை இறக்கி மின்சாரம் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, கறுத்து, மேலே அழுக்கு நுரை கட்டி, சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவருடைய கிளாஸ் அப்படியே பளிச். “இதைத்தான் சார் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்” என்றார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டாவது ஆள் ஆர்.ஓ. சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், யு.வி. (புறஊதாக் கதிரால் கிருமியை ஒழிக்கும் விளக்கு) போதும் என்றார். மூன்றாமவர் இரண்டும் வேண்டாம், வீடு முழுக்க ஒரு சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றார். வீட்டுப் பெரியவர்களோ காய்ச்சிக் குடித்தால் போதும், எதற்கு இந்த மெஷின் எல்லாம் என்கிறார்கள்.

டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டுவது) ஒன்று வாங்கிப் பார்த்தேன், 620 காட்டுகிறது. இதில் யார் சொல்வது சரி?

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கிளாஸ் வித்தையை மனசிலிருந்து துடைத்துப் போடுங்கள். இருபது வருடமாகப் பம்ப், பைப், ஃபில்டர் என்றுதான் பிழைப்பு. அந்தக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதில் இருக்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததில்லை, பெரும்பாலும் அவருடைய கம்பியில் இருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, மின்சாரம் பாயாது, கம்பி கரையாது, கிளாஸ் பளிச்சென்று இருக்கும். அவ்வளவுதான் மர்மம். அடுத்த தடவை வந்தால் அவருடைய கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி ஓடவிடச் சொல்லுங்கள், அதுவும் சாக்கடை ஆகும். நல்ல ஊற்றுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினாலும் இதே கதைதான்.

உங்கள் வாளியில் படிகிற காவி வேறு விஷயம், அது நிஜம். நிலத்தடியில் காற்று படாத இடத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், நிறமே தெரியாது. மேலே வந்து காற்று பட்டதும் துருவாக மாறி மெல்ல அடியில் உட்காரும். பிடிக்கும்போது தெளிவு, காலையில் காவி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே இரும்புதான் என்று சொல்லிவிடலாம்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி, மில்லிகிராம் கணக்காகக் காட்டுகிற கருவி. கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. கிருமி அதன் கண்ணுக்கே படாது. உலக சுகாதார நிறுவனம் டி.டி.எஸ். அளவுக்கு உடல்நலத்தை வைத்து ஒரு வரம்பே போடவில்லை. ருசியை வைத்துத்தான் சொல்கிறார்கள்: சுமார் 600 மி.கி.க்குக் கீழே இருந்தால் பொதுவாக ருசி நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் வாயில் வைக்கப் பிடிக்காது. உங்களுடையது 620. இதற்கு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயிறு கெட்டதற்கும் 620-க்கும் சம்பந்தமே இல்லை. அதை வேறு இடத்தில் தேடுங்கள்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் எதற்கெடுத்தாலும் சோதனை என்று சொல்லும் வியாதி எனக்கு உண்டு, ஆனாலும் சொல்கிறேன்: என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஃபில்டர் வாங்குவது கண் பார்வையைச் சோதிக்காமல் கடையில் கண்ணாடி பொறுக்குகிற மாதிரி.

ஆய்வகத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை: பி.ஹெச்., கலங்கல், கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், அப்புறம் நுண்ணுயிர்ச் சோதனையில் கோலிஃபார்ம், ஈ.கோலை என்ற பாக்டீரியாக்கள். வீட்டுக் குழாய்கள் பழசு என்றால் ஈயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றுக்கும் நிறம் இல்லை, மணம் இல்லை. ஆர்செனிக்குக் குடிநீரில் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மி.கி. அதைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் உங்கள் மீட்டர் 620 என்றுதான் காட்டும்.

குழந்தை இருப்பதால் நைட்ரேட்டை மறக்கவே வேண்டாம். 50 மி.கி.க்கு மேல் போனால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும், உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சுவதால் இது போகாது, தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் நைட்ரேட் இன்னும் கொஞ்சம் கூடும். பெரியவர்கள் சொல்வதில் தப்பில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும் (2000 மீட்டருக்கு மேலே மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம்). ஆனால் கிருமிக்கு மட்டும்தான் அந்த வைத்தியம். ரிப்போர்ட் வரும் வரை எல்லோருமே காய்ச்சிக் குடியுங்கள், ஆறவைத்து மூடி வையுங்கள். குழந்தைக்கு மட்டும் நைட்ரேட் அளவு தெரியும் வரை பரிசோதித்த பாட்டில் தண்ணீர் வாங்கி, அதையும் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள்.

தண்ணீர் எடுக்கும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் தூள் மாதிரியோ ஒரு துளி மாதிரியோ ஏதாவது இருக்கும், குளோரினை முறிக்க நாங்களே போட்டு வைப்பது, அழுக்கென்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். போன வாரம்கூட ஒருவர் நன்றாக அலசிக் கொண்டுவந்து பெருமையாகக் கொடுத்தார். குழாயின் வலையைக் கழற்றி, வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

முக்கியமாக, இரண்டு இடத்தில் எடுங்கள். ஒன்று, பம்பிலிருந்து தொட்டிக்கு ஏறுவதற்கு முன்னால். இன்னொன்று, சமையலறைக் குழாயில். ஏன் என்று ரிப்போர்ட் வந்ததும் தெரியும்.

---

மொட்டைமாடி எழுதியது:

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யு.வி. மாட்டி நாலு வருடம் நிம்மதியாக இருந்தோம். நீல விளக்கு எரிகிறது, அப்புறம் என்ன கவலை. ஒருநாள் தண்ணீரில் மெல்லிய மண் வாசனை, என்ன இது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுத் திறந்தால், விளக்கைச் சுற்றி இருக்கும் கண்ணாடி உறை முழுக்கச் சுண்ணாம்பும் துருவும் அப்பிப்போய் பால் பாட்டில் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. வெளிச்சம் அதைத் தாண்டி எங்கே போகும்?

அவர்தான் விளக்கிச் சொன்னார். கிருமியைச் செயலிழக்கச் செய்வது 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர், அது கண்ணுக்கே தெரியாது. நாம் பார்க்கிற நீலம் கூடவே வருகிற உபரி வெளிச்சம். விளக்கு சுமார் 9000 மணி நேரம், அதாவது விடாமல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியதும் அந்தக் கதிரின் வலு இறங்கிவிடும், நீலம் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். நான் மூன்று வருடம் அலங்கார விளக்குக்கு மின்கட்டணம் கட்டியிருக்கிறேன்.

கலங்கல் இருந்தாலும் இதே பிரச்சினை, தூசியின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். அதனால் குழாயடி, உங்கள் தண்ணீரில் இரும்பும் சுண்ணாம்பும் இருக்கும்போது யு.வி.யை மட்டும் தனியாக மாட்டச் சொன்ன அந்த இரண்டாவது ஆள் உங்களுக்கு என் கதையைத்தான் விற்கப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று. ஃபில்டரிலிருந்து தண்ணீர் பிடிக்கும் அந்தச் சின்னக் குழாயின் வாய்க்குள் ஒரு காது குடையும் பஞ்சை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கறுப்பாக, வழவழவென்று, நத்தை ஊர்ந்த மாதிரி வந்தது. இத்தனைக்கும் உள்ளே வடிகட்டுகிற ஒவ்வொரு பாகமும் புதுசு.

---

குழாயடி எழுதியது:

ரிப்போர்ட் வந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக இரண்டு இடத்தில் எடுக்கச் சொன்ன அக்காவுக்கு.

சமையலறைக் குழாயில் டி.டி.எஸ். 612, பி.ஹெச். 7.4, கடினத்தன்மை 340, நைட்ரேட் 22, ஃபுளோரைடு 0.6, ஆர்செனிக் கண்டறியும் அளவுக்குக் கீழே. இரும்பு பம்பில் 0.9, சமையலறையில் 0.4. மாங்கனீசு, ஈயம் இரண்டும் வரம்புக்குள். பம்பில் எடுத்ததில் கோலிஃபார்ம் இல்லை. சமையலறைக் குழாயில் 100 மில்லிக்கு கோலிஃபார்ம் 34, ஈ.கோலை 6.

கடைசி வரியைப் படித்ததும் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. ஒரே தண்ணீர்தானே, எப்படி இப்படி?

---

சோதனைக்குழாய் எழுதியது:

ஒரே தண்ணீர் இல்லை தம்பி, நடுவில் தொட்டி இருக்கிறது. போர் சுத்தம். உங்கள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் கெடுகிறது. ஈ.கோலை பெரும்பாலும் மலத்திலிருந்து வருவது, குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பறவையோ எலியோ பல்லியோ, ஏதோ ஒன்று தொட்டிக்குள் போய்வருகிறது, அல்லது எங்கோ குழாய் விரிசல் வழியாகக் கழிவுநீர் கலக்கிறது. முதலில் ஏறிப் பாருங்கள்.

இரும்பு 0.9-லிருந்து 0.4 ஆனதைக் கவனித்தீர்களா? மீதி அரை மில்லிகிராம் எங்கே போனது? தொட்டியின் அடியில் படிந்திருக்கிறது. உங்கள் மேல் தொட்டிதான் இவ்வளவு நாளாக இரும்பு ஃபில்டர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, யாரும் அதைக் கழுவவில்லை. அந்தச் சேறு கிருமி குடியிருக்க வசதியான மெத்தை.

நைட்ரேட் 22 என்பது 50-க்குள், ஃபுளோரைடு 1.5-க்குள், ஆர்செனிக் இல்லை. இந்த மூன்றும் சரியாக இருப்பது பெரிய விஷயம், ஏனென்றால் இவை எகிறியிருந்தால் குடிக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ. மாதிரி ஒன்று வேண்டும் என்று நானே சொல்லியிருப்பேன். நைட்ரேட் மட்டும் மழைக்கு அப்புறம் ஏறக்கூடியது, அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதைத் தனியாக இன்னொரு தடவை பாருங்கள். குழந்தைக்கு உங்கள் வீட்டுத் தண்ணீரையே கொடுக்கலாம், ஆனால் காய்ச்சித்தான். தொட்டி சரியாகி மறுசோதனை சுத்தமாக வரும் வரை பெரியவர்களும் காய்ச்சுவதை விடாதீர்கள்.

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

இப்போதுதான் பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

தொட்டியைக் காலி செய்து சேற்றை அள்ளி, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். துணைக்கு ஒரு ஆள் வெளியே நிற்க வேண்டும், மூடிய தொட்டிக்குள் தனியாக இறங்கவே இறங்காதீர்கள். கழுவி முடித்ததும் நிரப்பி, 1000 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் ஒரு லிட்டர் கணக்கில் ஊற்றுங்கள். லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் ஆகும். எல்லாக் குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து குளோரின் வாசனை வரும் வரை விட்டு மூடிவிட்டு, ஒரு ராத்திரி, பன்னிரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். மறுநாள் முழுவதையும் வெளியேற்றி இரண்டு தடவை அலசுங்கள். இடையில் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, குளிக்கவும் கூடாது. பிளீச்சோடு ஆசிட் எதையும் கலக்க வேண்டாம், விஷ வாயு கிளம்பும். அப்புறம் குளோரின் பட்டதும் தண்ணீர் திடீரென்று சிவக்கும், பயந்துவிடாதீர்கள், கரைந்திருந்த இரும்பு மொத்தமாகத் துருவாகிறது, அவ்வளவுதான்.

மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். வழிந்தோடும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் கொசுவலைக் கம்பி கட்டுங்கள். ஒரு கட்டுக் கம்பி வேலை, ஆனால் நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அது இருக்காது.

அடுத்தது இரும்பு. 0.3-க்கு மேல் போனாலே துணியிலும் டைல்ஸிலும் கறை விழும். பம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் மாங்கனீசு டை ஆக்ஸைடு மணல் நிரப்பிய இரும்பு ஃபில்டர் ஒன்று போடுங்கள், உங்கள் பி.ஹெச்.க்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் பின்னோக்கி அலசிவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் வால்வைத் திருப்பி, வெளியே வருகிற செந்தண்ணீர் வெளுக்கும் வரை விடவேண்டும். இதைச் செய்யாமல் “ஃபில்டர் கெட்டுப்போச்சு” என்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். வாங்கும்போதே உங்கள் பம்பின் வேகம் அதை அலசப் போதுமா என்று கேட்டு வாங்குங்கள், குறைவாக இருந்தால் மணல் கட்டியாகிவிடும்.

குடிக்கிற தண்ணீருக்குச் சமையலறையில் ஒரு யு.எஃப். (நுண்துளைச் சவ்வு ஃபில்டர்), அதற்குப் பின்னால் யு.வி. போதும். யு.எஃப். சவ்வின் துளை ஏறக்குறைய 0.01 மைக்ரான், பாக்டீரியா நுழையாது, தூசியும் நிற்கும், யு.வி. கதிருக்கு வழி தெளிவாக இருக்கும். சுண்ணாம்பு மட்டும் அப்படியே தாண்டி வரும், அதனால் மொட்டைமாடி சொன்ன கண்ணாடி உறையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எலுமிச்சை அமிலத்தில் துடைத்துவிடுங்கள். இவை டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது, மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று வரக்கூடாது! ஆர்.ஓ. உங்களுக்குத் தேவையில்லை.

---

அரை டம்ளர் எழுதியது:

ஸ்பேனர் அண்ணே, ஆர்.ஓ. விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடினத்தன்மை 340 உள்ள தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா, நாக்கில் சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஏறக்குறைய இதே அளவு. டீயில் மேலே எண்ணெய் ஏடு மாதிரி ஒரு படலம் மிதக்கும். ஆர்.ஓ. போட்டபிறகுதான் பிள்ளைகள் ஒழுங்காகத் தண்ணீரே குடிக்கிறார்கள். சத்து போய்விடும் என்று பயமுறுத்துவதும் ஒரு வியாபாரப் பேச்சுதான், கால்சியம் நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டில் இருந்து வருகிறது, தண்ணீரில் இருந்து வருவது சின்னப் பங்கு. நான் கலவை வால்வைத் (வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வால்வு) திருகி டி.டி.எஸ்.ஸை 150-ல் வைத்திருக்கிறேன். 20, 30 என்று இறக்கி வைத்தால் சப்பென்று இருக்கும்.

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

ருசிக்காக என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை, அது உங்கள் நாக்கு. பயத்தால் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். ஆனால் கணக்கையும் பாருங்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போவது சாதாரணம். புதுசாக வருகிறவற்றில் இது குறைந்திருக்கிறது, இருந்தாலும் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். 612 உள்ளே போனால் வெளியே தள்ளும் தண்ணீர் 800 பக்கம் இருக்கும். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்புக் கட்டும்.

கலவை வால்வைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: அந்த வால்வு வழியாக வருகிற தண்ணீர் சவ்வைத் தாண்டி வருவதில்லை, சுற்றுப்பாதையில் வருகிறது. அதில் கிருமி இருந்தால் நேராக உங்கள் டம்ளருக்குத்தான். அதனால் அந்தப் பாதைக்குப் பின்னால் யு.எஃப். அல்லது யு.வி. இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்செனிக், நைட்ரேட் அதிகம் உள்ள ஊரில் இருப்பவர்கள் அந்த வால்வைத் தொடவே கூடாது.

சவ்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் டி.டி.எஸ். மீட்டர் நல்ல கருவி. கலவை வால்வை மூடிவிட்டு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுசில் 612 உள்ளே போய் 40 வந்தது, ஒரு வருடம் கழித்து 120 வருகிறது என்றால் சவ்வு களைத்துவிட்டது. குளோரின் கலந்த தண்ணீர் வருகிற வீடுகளில் கார்பன் கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்றவில்லை என்றால் குளோரின் உள்ளே போய்ச் சவ்வை அரித்துவிடும். கார்பனை மிச்சம் பிடித்துச் சவ்வை இழப்பார்கள்.

---

மொட்டைமாடி எழுதியது:

ருசியைப் பற்றிச் சண்டை போடுவதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. 1854-ல் லண்டனில் பிராட் தெருப் பம்பில் இருந்து காலரா பரவியதை டாக்டர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்தார் அல்லவா, அந்தப் பம்பின் தண்ணீர் ருசிக்குப் பேர்போனதாம். அந்தத் தெருவை விட்டுத் தொலைவில் குடிபோன ஒரு அம்மாள் அந்த ருசியை மறக்க முடியாமல் பாட்டிலில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். காலராவில் இறந்தும்போனார். அவர் எங்கிருந்து தண்ணீர் வாங்கினார் என்று தெரிந்ததுதான் ஸ்னோவுக்குக் கிடைத்த பலமான ஆதாரங்களில் ஒன்று.

சாஃப்ட்னர் பற்றி யாரும் பேசவில்லையே?

---

சோதனைக்குழாய் எழுதியது:

நான் சொல்கிறேன். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும். டி.டி.எஸ். குறையாது, கிருமி சாகாது, சோப்பு நுரைக்கும், கெட்டில் தப்பிக்கும். எல்லாம் தீர்ந்துவிடும் என்று அந்த மூன்றாமவர் சொன்னதில் ஓட்டை இங்கேதான். கடினத்தன்மை 340-ஐ முழுக்க எடுத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 155 மி.கி. சோடியம் சேரும். குளிக்க, துவைக்க, வெந்நீர் ஹீட்டருக்கு அருமை. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் இருந்தாலோ, குழந்தைக்குப் பால் மாவு கரைக்கவோ, அந்தத் தண்ணீர் வேண்டாம். சமையலறையில் ஒரு குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பைப் வேலையின்போதே சொல்லிவிட்டால் எளிது. இரும்பு ஃபில்டருக்குப் பின்னால்தான் சாஃப்ட்னர் வர வேண்டும், மாற்றி வைத்தால் ரெசின் முழுக்கத் துரு ஏறிப் போகும்.

---

குழாயடி எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தொட்டி மேல் ஏறிப் பார்த்தேன். மூடி ஒரு ஓரத்தில் கையளவு உடைந்திருந்தது, கீழே இருந்து பார்த்தால் தெரியாத பக்கம். அதன் மேலேயே புறா உட்காரும் இடம், எச்சம் வழிந்து உள்பக்கச் சுவரில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. வழிந்தோடும் குழாய்க்கு வலையே இல்லை. அடியில் நாலு விரல் ஆழத்துக்குச் செஞ்சேறு, அதன் மேல் ஒரு கரப்பான் பூச்சியின் இறக்கை. வீட்டில் யாருக்கும் படம் எடுத்துக் காட்டவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே கழுவி, பிளீச் போட்டு, மூடி மாற்றி, வலை கட்டியாயிற்று. தண்ணீர் சிவந்தபோது முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தப்பித்தேன், இல்லையென்றால் அலறியிருப்பேன். இரும்பு ஃபில்டர் போட்டு மூன்று வாரம் ஆகிறது, சமையலறையில் இரும்பு இப்போது 0.1. மறுசோதனையில் கோலிஃபார்ம், ஈ.கோலை இரண்டும் இல்லை. யு.எஃப்., யு.வி. போன வாரம்தான் மாட்டினோம், விளக்கு மாட்டிய தேதியை மார்க்கரால் மெஷின் மேலேயே எழுதிவிட்டேன், மொட்டைமாடி புண்ணியத்தில். சாஃப்ட்னரை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

முதலில் வந்த ஆள் மறுபடி வந்தார். உப்பைப் பற்றிக் கேட்டேன். அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கெட்டிலில் அந்த வெள்ளை ஏடு மட்டும் இன்னும் வருகிறது, அது உடம்புக்குக் கெடுதலா, எப்படி எடுப்பது?

---

அரை டம்ளர் எழுதியது:

கெடுதல் இல்லை, சுண்ணாம்புதான். வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றிக் கொதிக்கவைத்து, அணைத்துவிட்டு, அரை மணி நேரம் விடுங்கள், ஏடு தானாகவே கழன்று மிதக்கும். அப்புறம் இரண்டு தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த டீ புளிக்கும்.